சூடம் தெறித்த பட்டு

ஜூலை 27, ஞாயிறு

எனக்குத் தைக்கத் தெரியாது.

இதை எழுதுவதற்கு முன் எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு தையல் மெஷின், மூன்று அலமாரி நிறையத் துணி, ‘கோகிலம் தையல்ல கெட்டிக்காரி’ என்று கோயமுத்தூர் முழுக்கப் பேர். இத்தனையும் வைத்துக்கொண்டு ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்தி ஒப்புக்கொள்ளக்கூடிய விஷயமா இது? இன்றுவரை நான் தைத்து முடித்தவை இரண்டு தலையணை உறைகள். ஒன்றுக்கு இரண்டு பக்கமும் வாய். இன்னொன்றுக்கு வாயே இல்லை. சராசரி போட்டால் சரியாகத்தான் வருகிறது.

எனக்குத் தெரிந்தது துணி வாங்குவது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே பருத்தியா கலப்பா, புதுசா பழசா, எத்தனை துவைப்புக் கண்டது என்று சொல்லிவிடுவேன். வாங்கி வந்து, ‘இதுல ஒரு குர்த்தி தைக்கப் போறேன்’ என்று நாலு பேருக்குக் காட்டுவேன். அதன்பிறகு அது அலமாரிக்குப் போய்விடும். டெய்லர் ஜப்பார் தைத்துத் தந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போகும்போது, ‘நீயே தைச்சதா?’ என்று யாராவது கேட்பார்கள். நான் சிரிப்பேன். சிரிப்பது பொய்யாகாது.

அந்தச் சிரிப்புக்குத்தான் இன்று கூலி கிடைத்தது.

என் மகன் பிரகதீஷுக்குப் பேசி முடித்திருக்கும் பெண் தாரணியின் அம்மா, சம்மந்தி வசந்தாமணி, கோபியிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்தார். வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு, பையிலிருந்து பழைய வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் மாம்பழ நிறப் பட்டு. அரக்குக் கரை.

“என்ற கூறைச் சேலைங்க. மத்ததெல்லாம் மடிப்புலயே இத்துப் போச்சு. இந்த ஒரு கெசம்தான் தப்புச்சுது. தாரணி முகூர்த்த ரவிக்கை இதுல இருந்தா, அவுங்கப்பா பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குமுங்.”

அவருடைய வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆகிறது.

“எங்க பெரியம்மா மக, அந்தச் சேலைய மணவறைப் பக்கமே கொண்டு போகாதேன்னுட்டாங். அதனால நாம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். கடையில குடுக்க எனக்கு மனசு வல்லீங்க. நீங்கதான் நல்லாத் தெப்பீங்ளாமா.”

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னது இதைத்தான்: “அதுக்கென்னங் சம்மந்தி, தெச்சுட்டாப் போச்சு!”

துணியின் ஓரத்தில் மிளகளவுக்குக் கருகலாக ஒரு பொட்டு. கல்யாணத்தன்று ஆரத்தித் தட்டிலிருந்து சூடம் தெறித்ததாம். “அவுரு தாங் கையாலயே தட்டி அணைச்சாருங்” என்று சொல்லி அந்தப் பொட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அவர் போனதும் பத்திரப்படுத்திவிட்டேன். அடிக்கடி ஆசைப்பட்டு எடுத்துப் பார்த்து அழுக்காக்கிவிடக் கூடாதே என்று, என் கையே போகாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

ஜூலை 30, புதன்

தைக்க ஆரம்பிக்கவில்லை. மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் இல்லை. தூறல் வேறு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பொள்ளாச்சியில் தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால், எங்கள் வீட்டுக்காரர் வாசலிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அவர் அப்படிச் சிரித்தால் எதுவோ உடைந்திருக்கிறது.

“வூட்ட ஒழுங்கு பண்ணுங், கல்யாணத்துக்கு ஒறம்பரை வருவாங்கன்னு சொன்னயல்ல? பண்ணீட்டேன்!”

மூன்று அலமாரியும் காலி. உள்ளே நாப்தலின் உருண்டைகள் மட்டும் அநாதைகளாகக் கிடந்தன.

“எங்கீங்க துணி?”

“சாயிபாபா காலனில ‘மறுபடி’ன்னு ஒரு கடை தொறந்திருக்குது. மிச்சத் துணி, பழைய பட்டன், ஜிப்பு எல்லாம் வாங்கி, வேணுங்கறவங்களுக்குக் கொறஞ்ச விலைக்குக் குடுக்கறாங்க. எட்டு மூட்டை கொண்டு போய்ப் போட்டேன். அந்தப் புள்ள கையெடுத்துக் கும்புட்டுச்சு.”

“வேட்டித் துணில சுத்துன பொட்டலம்?”

“பொட்டலம், பொதி எல்லாத்தையும்தான்.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடுவலமாரி, இரண்டாம் தட்டு, வலது மூலை. அங்கேதான் வைத்தேன். கண்ணை மூடினால் தெரிகிறது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வேகவைத்த பனங்கிழங்காட்டம் ஆகிவிட்டது. பாவம்தான். ஆனால் பாவம் பார்க்கும் நிலையில் நான் இல்லை. செப்டம்பர் நாலாம் தேதி முகூர்த்தம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கடை திறக்கும் முன்பே போய் நின்றோம். அவர் ஸ்கூட்டரைவிட்டு இறங்கவில்லை, தலைக்கவசத்தையும் கழற்றவில்லை. அவமானத்துக்கு அது வசதி.

‘மறுபடி’ என்பது பழைய பங்களா ஒன்றின் கார் ஷெட். உள்ளே நுழைந்ததும் எனக்கு வந்த காரியம் மறந்துவிட்டது, சாமி சத்தியமாக. டெய்லர் கடைத் துண்டுகள் நிறம் நிறமாகக் கூடையில். திருப்பூரிலிருந்து வந்த பனியன் துணிச் சுருள்கள். திரைச்சீலைக் கடையில் காட்டும் சாம்பிள் சதுரங்கள். சேலையிலிருந்து பிரித்தெடுத்த கரைகள், நாடா மாதிரி சுருட்டி வைத்திருக்கிறார்கள். ஊறுகாய் பாட்டில்களில் பட்டன். சுவரில் வரிசையாகத் தொங்கும் ஜிப்புகள். ஒரு மூலை முழுக்கத் தாம்பூல ரவிக்கைத் துணி. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்போமே, யாரும் தைக்காமல் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்போமே, அதேதான். அந்த ஜாதித் துணிக்கு மோட்சம் கிடைத்த இடம் இது.

அதில் ஒரு கத்தரிப்பூ நிறத் துணியைப் பார்த்தேன். எதிர்வீட்டு அமுதவல்லிக்குப் போன தையில் நான் வைத்துக் கொடுத்தது. ஓரத்தில் மஞ்சள் கறைகூட அப்படியே இருக்கிறது. அடிப் பாவி என்று நினைத்தேன். பிறகுதான் அது எனக்கு அமுதவல்லியின் நாத்தனார் கொடுத்தது என்று ஞாபகம் வந்தது. பேசாமல் கீழே வைத்துவிட்டேன்.

கடைக்காரப் பெண் பேர் ஷெரின். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அளவெடுக்கும் இஞ்ச் டேப்பு.

“எட்டு மூட்டை அங்கிளோட ஆன்ட்டியா நீங்க? எங்க கடை ஆரம்பிச்சதுலருந்து வந்ததுலயே பெஸ்ட் கலெக்‌ஷன் ஆன்ட்டி! ஒண்ணுகூடப் பிரிக்கல, மடிப்புக் கலையல!”

பாராட்டா, இடுப்பில் குத்தா, தெரியவில்லை.

மாம்பழப் பட்டு, அரக்குக் கரை என்றதும் அவள் நெற்றியைச் சுருக்கினாள். “பட்டுத் துண்டு வந்தா ஒரு நாள் தங்காது ஆன்ட்டி. மஞ்சள்ல ஏதோ ஒண்ணு போச்சு. யாருன்னு யோசிக்கறேன். நீங்க பொறுமையா எல்லாப் பொட்டியும் பாருங்க.”

பார்த்தேன், ஒவ்வொரு பெட்டியாக. என் துணிகள் எல்லாம் அங்கே என்னைப் பார்த்துச் சிரித்தன. அந்தக் காந்தா வேலைப்பாடு, அந்தக் கருநீல மங்களகிரி, குஜராத்தில் வாங்கிய கட்டம். இதையெல்லாம் விட்டுவிட்டுப் போக நான் என்ன கல்நெஞ்சக்காரியா?

வெளியே வந்தபோது கையில் ஒரு மூட்டை. எங்கள் வீட்டுக்காரர் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“இது... நம்மளுதில்லயா?”

“ஆமாங்.”

“காசு குடுத்தா வாங்குனே?”

“பின்ன, திருடவா முடியும்?”

வீட்டுக்கு வந்து சாயங்காலம் அவராகவே சொன்னார்: “தப்பு எம் மேலதான் கோகிலம். இனிமே வூட்டுல பாத்திரமெல்லாம் நாந்தான் கழுவறேன்.” நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சரி என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மறுபடியும் ‘மறுபடி’. பட்டு இல்லை. பட்டன் ஒரு பாட்டில்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடையில் அமுதவல்லியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். “சும்மா, இந்தப் பக்கமாப் போனேன்” என்றாள். “நானும்தான்” என்றேன். அவள் கையில் என்னுடைய பழைய திரைச்சீலை. பேரம் வேறு பேசியிருக்கிறாள்.

வசந்தாமணி போன் செய்தார். “அவசரமில்லீங், கழுத்து மட்டும் ரொம்ப எறக்க வேண்டாமுங், அவுங்கப்பாவுக்குப் புடிக்காது.” இறந்தவரின் விருப்பத்தை ஞாபகமாகச் சொல்கிற மனுஷியிடம், இருக்கிற துணியைத் தொலைத்ததை எப்படிச் சொல்வது? நூல் நிறம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். தேடிக்கொண்டிருப்பது உண்மைதானே.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஷெரினுக்கு ஞாபகம் வந்துவிட்டது!

“கஸ்டமர் பேரை நாங்க சொல்லக் கூடாது ஆன்ட்டி” என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். “ஆனா அவங்களே இன்ஸ்டாகிராம்ல படம் போட்டிருக்காங்க. அதை நீங்க பாத்தா நான் பொறுப்பில்ல” என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

வடவள்ளி. பிரமிளா. நாய்களுக்கு உடை தைப்பவர்.

நாய்களுக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எங்கள் வீட்டுக்காரரோடு ஸ்கூட்டரில் வடவள்ளிக்குப் போனேன். மருதமலையைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டார். ஸ்கூட்டர் ஆடியது. நான் திட்டவில்லை, எனக்கும் முருகன் தேவைப்பட்டான்.

பிரமிளா வீட்டுக் கூடத்தில், மேஜை மேல் ஒரு பக் நாய் நின்றுகொண்டிருந்தது. பேர் மிட்டாய். அதன் முதுகில் மாம்பழப் பட்டு. குண்டூசி குத்தியிருந்தார்.

“அடுத்த வாரம் இதோட மொத பர்த்டேங். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. ஓனரு துபாய்லருந்து வர்றாருங்.”

“வெட்டீட்டீங்களா?” என்றேன்.

“சாக்பீஸ்ல கோடுதான் போட்டிருக்கேன். கத்தரி வைக்கறதுக்குள்ள இது நக்கீருது.”

மிட்டாய் என்னைப் பார்த்தது. ஒரு கல்யாணத்தின் மானம் அதன் முதுகில் இருப்பது அதற்குத் தெரியவில்லை. துணியின் முனையை வாயில் எடுத்துச் சப்பத் தொடங்கியது.

முழுக்கதையையும் சொல்லிவிட்டேன், அழுதுகொண்டே. பிரமிளா நல்லவர். நான் கொண்டுபோயிருந்த என் கிளிப்பச்சைப் பட்டுத் துண்டைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டார். “கறுப்பு மூஞ்சிக்குப் பச்சைதானுங் எடுப்பு” என்று எங்கள் வீட்டுக்காரர் முதன்முறையாகத் துணியைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தேன். இதேதான். ஆயிரம் துணியில் கலந்து போட்டாலும் எனக்குத் தெரியும். சூடப் பொட்டைத்தான் காணோம். பிரமிளாவுக்குப் போன் போட்டேன். ஓரம் நூல் பிரிந்திருந்ததால் கொஞ்சம் கத்தரித்துவிட்டாராம். ஆக, பொட்டு அந்த ஓரத்தோடு போயிருக்கும். நிச்சயம் போயிருக்கும். வேறு எங்கே போகும்?

அப்பாடா.

ஆகஸ்ட் 13, புதன்

நாய் வாசம் போக சாம்பிராணி காட்டினேன். இப்போது சாம்பிராணி போட்ட நாய் வாசம் வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆடி முடிந்ததும் முதல் வேலையாகப் பத்திரிகையோடு வசந்தாமணி வந்துவிட்டார். “ஒரு தடவை பாத்துட்டுப் போறனுங், தப்பா நெனைச்சுக்காதீங்.”

கொடுத்தேன். மடியில் விரித்தார். உள்ளங்கையால் நீவினார். மூக்கை ஒருமுறை சுருக்கினார்.

“நாய் வளக்கறீங்ளா சம்மந்தி?”

“எதிர்வூட்டு நாயுங். அப்பப்ப வரும்.” அமுதவல்லிக்கு நாயே கிடையாது.

அவர் விரல் ஓரத்தைத் தேடிப் போயிற்று. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

“அந்தப் பொட்டு...”

“உள்மடிப்புக்குப் போயிருச்சுங். வெளிய தெரிஞ்சா நல்லாருக்காதல்லங்.” என் வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வருகிறது!

அவர் என்னைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். முந்தானை கண்ணுக்குப் போயிற்று. பிறகு நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்தார். “உங்க கையில இருக்கறது பத்திரமாத்தான் இருக்குமுங்.”

இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். மூன்றாவது வேண்டாம் என்றுவிட்டார். போன முறை ஐந்து சாப்பிட்டவர்.

அழுதாரென்றால் துணி அதுதான் என்றுதானே அர்த்தம்? வேறு துணியென்றால் அழுகை வருமா? எனக்கு மனசு நிம்மதி. அந்தத் துணியை இன்னொருமுறை எடுத்துத் தடவிப் பார்த்தேன். அப்புறம் இன்னொருமுறை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜப்பாரிடம் போனேன். ஆவணி முகூர்த்த வேலை தலைக்கு மேல் இருக்கிறதாம். “வெள்ளிக்கெழம துணி கைக்கு வந்தாத்தான் அக்கா. அதுக்கப்புறம் நீங்களே தைச்சுக்கங்க” என்று சிரித்தார். எங்கள் இரகசியம் தெரிந்த ஒரே ஜீவன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

‘உங்க கையில இருக்கறது பத்திரமாத்தான் இருக்கும்.’ நாலு நாளாக இது காதிலேயே நிற்கிறது. சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது.

சரி, ஜப்பாரிடம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு தையலாவது என் கையால் போட்டுவிடலாம், அந்த மனுஷி நம்பியதில் ஒரு அங்குலமாவது உண்மையாகட்டும் என்று மெஷினண்டை போனேன். அதை நான் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ. மேலே பழைய பெட்ஷீட் மூடியிருக்கும். பெட்ஷீட் மேல் போன வருஷக் காலண்டர், மாத்திரை டப்பா, சார்ஜர், எங்கள் வீட்டுக்காரரின் மஃப்ளர். எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, பெட்ஷீட்டைத் தூக்கினேன்.

மெஷின் மேல் வேட்டித் துண்டில் சுற்றிய பொட்டலம்.

உள்ளே மாம்பழப் பட்டு, அரக்குக் கரை. ஓரத்தில், மிளகளவுக்கு, சூடப் பொட்டு.

என் கையே போகாத இடமாகப் பார்த்து வைத்தேன் அல்லவா. இந்த வீட்டில் என் கை போகாத இடம் அது ஒன்றுதான்.

தொட்டுப் பார்த்தேன். மிட்டாயின் பட்டுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இது பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருக்கிறது, அது மொடமொடப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேனாம்!

நான் கத்தி அழுததாக அமுதவல்லி நாளைக்குத் தெருவெல்லாம் சொல்லுவாள். அது அழுகையல்ல, சிரிப்பு. சரி, கொஞ்சம் அழுகையும்தான்.

“என்னாச்சு கோகிலம்?” என்று அடுப்படியிலிருந்து அவர் ஓடி வந்தார். கையெல்லாம் சோப்பு நுரை.

“ஒண்ணுமில்லீங். கால்ல இடிச்சுக்கிட்டேன்.” பெட்ஷீட்டை இழுத்து மூடினேன்.

“பாத்து நட” என்று திரும்பப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பட்டு ஜப்பாரிடம் போய்ச் சேர்ந்தது. “பொட்டை உள்ளே தள்ளீறட்டுமாக்கா?” என்றார். வேண்டாம், வலது கை ஓரத்தில் வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள் என்றேன்.

அங்கிருந்து வடவள்ளி. மிட்டாயின் மாம்பழப் பட்டைப் பிரமிளாவிடமே கொடுத்துவிட்டேன். கிளிப்பச்சையைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. மிட்டாய்க்கு இப்போது இரண்டு பட்டு. எனக்குக் கல்யாணத்துக்கு ஒன்றுதான்.

ஆகஸ்ட் 30, சனி

ரவிக்கை வந்துவிட்டது. கொக்கி இரண்டை மட்டும் நான் தைத்தேன். விரலில் மூன்று இடத்தில் ரத்தம்.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மண்டபத்தில் என் தையலைப் பாராட்டாத ஆள் இல்லை. நான் சிரித்தேன். நான் தைத்த இரண்டு கொக்கியில் ஒன்று பந்தலுக்கு வரும் முன்பே அறுந்துவிட்டதாம், ஊக்கு குத்தியிருந்தார்கள்.

வசந்தாமணி பின்வரிசைத் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். தாலி கட்டியதும் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெரியம்மா மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “மாப்பிள்ளையோட அம்மா கூப்பிடறனுங், நகருங்” என்றேன். இந்தப் பதவிக்கு ஒரே ஒரு நாள்தான் மவுசு, அதை வீணாக்குவேனா?

தாரணி காலில் விழுந்து எழுந்தாள். அவள் தோளைப் பிடித்த வசந்தாமணியின் விரல் தானாக வலது கை ஓரத்துக்குப் போயிற்று. பொட்டின் மேல் நின்றது. நெடுநேரம் எடுக்கவே இல்லை.

பந்திக்குப் போகும்போது என் காதருகே குனிந்தார்.

“இதுதானுங் அது.”

“அன்னைக்கே தெரியுமாங்?”

“நாய் வாசம் அடிச்சப்பவே தெரியுமுங்.”

“அப்பறம் ஏனுங் கேக்கல?”

“உங்க மூஞ்சியப் பாத்தனுங். கேட்டா அங்கயே மயங்கி விழுந்துருவீங்களாட்ட இருந்துச்சு. துணி போனாப் போகுதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். சம்மந்தி வேணுமல்லங்?”

பந்தியில் பாயசம் வரும்போது முழுக்கதையையும் சொன்னேன். மிட்டாய் துணியைச் சப்பிய கட்டம் வந்ததும் அவர் இலைமேல் சாய்ந்து சிரித்தார். புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. எனக்குத் தைக்கத் தெரியாது என்பதையும் சொல்லிவிட்டேன். “அதுவும் தெரியுமுங்” என்றார். “பத்திரிகை கொண்டாந்த அன்னைக்கு உங்க தலையணை உறைய நான் பாத்தனல்லங்.”

தாரணிக்குத் தெரியும். பிரகதீஷுக்குத் தெரியும். ஷெரினுக்கு நேற்றே போனில் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு நம் வீட்டில் விருந்து. பாத்திரம் நிறைய விழும்.